பொட்டு வைத்த இடம்

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகிற ரோட்டில் லாரிப் பட்டறைகள் வரிசையாக இருக்கும். அந்த வரிசையில் கடைசிப் பட்டறை நவமணியுடையது. அங்கே லாரிக்குப் பாடி கட்டுவதில்லை. போர் போடுகிற ரிக், கம்ப்ரஸர், கிரேன் என்று கனமான சாமான்களை லாரி சேஸின் மேல் ஏற்றி முடுக்குகிற வேலை மட்டும்தான். சேஸ் என்பது முன்னாலிருந்து பின்னால்வரை ஓடுகிற, மேலும் கீழும் மடித்த இரண்டு நீள இரும்பு. லாரியின் பாரம் மொத்தமும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

நவமணிக்கு முப்பத்தேழு வயது. லாரி செய்கிற கம்பெனி ஒன்றில் சேஸைச் சரிபார்க்கிற பிரிவில் பதினோரு வருசம் இருந்துவிட்டு வந்தவள். ஊரில் அவளைப் பற்றி ஒரே ஒரு புகார்தான் உண்டு. ஒரு ஓட்டை போட ரெண்டு நாள் எடுத்துக்கொள்வாளாம். இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்களின் வண்டியும் அவள் பட்டறை வாசலில்தான் நிற்கும்.

தீர்த்தகிரி அவளிடம் வந்தது ஒரு சித்திரை மாதம். அவருக்கு ஐம்பத்துமூன்று வயது. சொந்தப் பட்டறை வைத்து இருபத்தேழு வருசம் ஓட்டியவர். அவர் டிரில் மெஷினைப் பிடித்தால் பக்கத்துப் பட்டறைக்காரன் வேலையை விட்டுவிட்டு வந்து பார்ப்பான், அவ்வளவு வேகம். அப்பேர்ப்பட்ட மனுசனின் பட்டறை ஷட்டர் மூன்று மாதமாக இறங்கிக் கிடந்தது. மெஷினைக் கையில் எடுத்தால் கை விரல் சுவிட்சை அமுக்க மாட்டேன் என்கிறது. அவர் மனைவி சம்பூரணம் கூட இதை நம்பவில்லை.

நவமணி ஸ்டூலை எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"ஒரு விசயம் எனக்குத் தெரிஞ்சாகோணும் அம்முணி. அதுக்குத்தான் வந்தேன்."

"சொல்லுங்கண்ணா."

அவர் சொன்ன கதை இதுதான். ஒன்றரை வருசத்துக்கு முன்னால் ஒரு ரிக் கம்பெனி லாரிக்குக் கம்ப்ரஸர் ஏற்றிக் கொடுத்தார். ஓனர் அவசரப்படுத்தினார். அவசரத்தில் சேஸில் போட்ட ஒரு ஓட்டை ரெண்டு விரக்கடை கீழே இறங்கிவிட்டது. கம்ப்ரஸரைத் தாங்குகிற பிராக்கெட்டோடு பொருந்தவில்லை. தப்பான ஓட்டை விழுந்தால் அந்த ரோட்டில் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். வெல்டிங் வைத்து அடைத்தார், கிரைண்டர் போட்டுச் சமப்படுத்தினார், அதே கலர் பெயிண்ட் அடித்தார். பக்கத்தில் வேறு ஓட்டை போட்டு வேலையை முடித்தார்.

"வண்டி எடுக்கற அன்னிக்குப் பூசை போட்டாங்க. எலுமிச்சங்கா, சூடம், எல்லாம். அடைச்ச எடத்து மேல எப்பவும் போல ஒரு பொட்டு வச்சனுங்க. சந்தனம் கொழச்சு, நடுவுல குங்குமம். அது வச்சுட்டா மனசுக்கு ஒரு தெம்பு."

பதினாலு மாதம் ஓடியது வண்டி. அதற்கப்புறம் ஒரு மலை இறக்கத்தில், பிரேக் பிடித்த நிமிசத்தில், கேபினுக்குப் பின்னால் சேஸ் முறிந்தது. கம்ப்ரஸர் நகர்ந்து வந்து கேபினை நெரித்துவிட்டது. டிரைவர் மாதேசுவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. விசாரிக்க வந்தவர்கள் அதிகப் பாரம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஓனர் அதையே சொன்னார், மாதேசுவும் அதையே நம்பினான். தீர்த்தகிரியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என்ற ஓட்டையாலதான் ஒடஞ்சுதா, இல்லீங்களா? ஆமா, இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை. அதை மட்டும் சொல்லிப்போடுங்க."

நவமணி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"அந்த வண்டி இப்ப எங்க கெடக்குதுங்க?"

"ஓனர் குடோனுக்குப் பொறவால. அறுத்துப் போட்டு வச்சிருக்கறாங்க."

"சாப்டீங்களாண்ணா?"

அவர் சாப்பிடவில்லை. அவள் கொண்டுவந்த சோற்றில் பாதியைப் போட்டுக் கொடுத்தாள். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தவர் கையில் ஒரு கம்பி பிரஷைக் கொடுத்தாள்.

பட்டறைக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவரோரம் உடைந்த சேஸ் துண்டுகள் சாத்தி வைத்திருந்தன. மொத்தம் பதினாலு. ஒவ்வொன்றும் ஒரு கை நீளம், ஒன்றரைக் கை நீளம். பழைய இரும்புக் கடைகளில் தேடித் தேடி வாங்கி வந்தவை. உடைந்ததை வாங்கி அடுக்குகிற பொம்பளை என்று இதற்கும் ஊரில் ஒரு சிரிப்பு உண்டு.

முதல் துண்டைக் காட்டினாள். பெயிண்டை எடுங்கள், எங்கிருந்து உடைய ஆரம்பித்தது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். போய்விட்டாள்.

இதற்கு ஏதாவது உள்ளர்த்தம் இருக்கும், முடித்தால் பதில் சொல்லிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டார் தீர்த்தகிரி. மத்தியானம் பூராவும் தேய்த்தார். இருபத்தேழு வருசக் கை, வேலையில் குறை வைக்குமா? துண்டு மொத்தமும் கண்ணாடியாட்டம் மின்னியது. கூப்பிட்டுக் காட்டினார்.

நவமணி குனிந்து பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினாள்.

"ஒடஞ்ச வாயையும் சேர்த்துத் தேச்சுப்போட்டீங்களேண்ணா. அதுலதான எல்லாம் இருந்துது."

"நீங்க சொல்லவே இல்லீங்களே அம்முணி."

"நீங்க கேக்கலீங்களே."

இப்படித்தான் தொடங்கியது. அவருக்குக் கோபம் வந்தது. யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமல் பிரஷைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் எட்டு மணிக்கே வந்து நின்றதும் அவர்தான்.

இரண்டாவது துண்டில் இரும்பு முறிந்த வாயைத் தொடவில்லை. நவமணி பக்கத்தில் உட்கார்ந்து காட்டினாள். உடைந்த வாயில் ஒரு பகுதி வழவழவென்று கறுத்துத் துருவேறி இருந்தது. மீதி சொரசொரவென்று, உப்பைக் கொட்டியது போல. கறுத்தது பழைய வெடிப்பு. மாசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. சொரசொரப்பு புதுசு, ஒரே நிமிசத்தில் முறிந்தது. கறுப்பு எங்கே ஆரம்பிக்கிறதோ அதுதான் வெடிப்பு பிறந்த இடம். அதற்கு மேல் அவள் விளக்கவில்லை.

நாளுக்கு ஒரு துண்டு, சில நாள் ஒன்றுமே இல்லை. போகப் போக அவருக்கே கண்ணில் பட ஆரம்பித்தது. ஒன்றில் பாரம் அதிகம் இழுக்கிற கீழ் மடிப்பிலேயே ஓட்டை போட்டிருந்தான் ஒரு புண்ணியவான். ஒன்றில் டிரில் போடச் சோம்பல்பட்டுக் கேஸ் நெருப்பால் ஓட்டையை அறுத்திருந்தார்கள். அதன் ஓரம் எலி கடித்த மாதிரி இருந்தது, ஒவ்வொரு பல்லிலிருந்தும் ஒரு வெடிப்பு. இன்னொன்று அவரைக் கொஞ்சம் கலக்கிவிட்டது. நேர்த்தியான ஓட்டை, குறை சொல்ல முடியாத கை. ஆனால் பக்கத்து ஓட்டைக்கும் அதற்கும் ஒரு விரக்கடைதான் இடைவெளி. அவர் தன் பட்டறையில் இப்படி எத்தனையோ போட்டிருக்கிறார். அதை நவமணியிடம் சொல்லவில்லை.

துண்டு இல்லாத நாளில் அவளோடு நின்று வேலையைப் பார்ப்பார். ஒரு ஓட்டைக்கு ரெண்டு நாள் எப்படி ஆகிறது என்பது அப்போதுதான் விளங்கியது. கம்பெனிக்காரன் சேஸில் ஏற்கெனவே போட்டு வைத்த ஓட்டைகளை முதலில் எண்ணுவாள். அதிலேயே பொருந்துகிறதா என்று பார்ப்பதில் ஒரு நாள் போய்விடும். பொருந்தாவிட்டால்தான் புது ஓட்டை. அதுவும் மடிப்புப் பக்கம் போகவே மாட்டாள், நெட்டுக்க நிற்கிற பக்கத்தில்தான். தப்பித் தவறி ஓட்டை இடம் மாறி விழுந்துவிட்டால் வெல்டிங் ராடைத் தொட மாட்டாள். அந்த ஓட்டைக்குச் சரியான போல்ட்டைப் போட்டு, ரெண்டு பக்கமும் வாஷர் வைத்து, இறுக்கி விட்டுவிடுவாள். ஒன்றையும் பிடிக்காமல் போல்ட் அங்கே தனியாக நிற்கும்.

அதைப் பார்க்க அவருக்கே கூச்சமாக இருந்தது.

"தப்புப் பண்ணுனது பளிச்சுன்னு தெரியுதே அம்முணி."

"தெரியட்டுங்கண்ணா."

"ஓனர் கேட்டா?"

"கேட்டாச் சொல்லலாம்."

கேட்டால் சொல்லலாமாம். இருபத்தேழு வருசத்தில் ஓனர் கேட்டு இவர் சொன்னதே கிடையாது. கேட்கிற மாதிரி எதையும் வெளியே விட்டதும் கிடையாது. அதுதான் கைவேலை என்று அவர் நினைத்திருந்தார்.

வைகாசியில் ஒரு கிரேன் வண்டி வந்தது. ஓட்டைக்கு இடம் குறிக்கச் சொன்னாள் நவமணி. தீர்த்தகிரிக்கு உள்ளுக்குள் சந்தோசம். அளவு டேப்பைப் போட்டு, சாக்பீஸால் குறித்து, நடுவில் பஞ்ச் அடித்துக் கொடுத்தார். நூல் பிசகவில்லை. நவமணி டிரில் மெஷினைத் தூக்கிக்கொண்டு அவரை வண்டிக்கு அடியில் போகச் சொன்னாள்.

"டிரில் பிட்டு வெளிய வர்ற எடத்துல உள்ளங்கையை வைங்கண்ணா."

விளையாடுகிறாளா என்று முகத்தைப் பார்த்தார். விளையாடுகிற முகமாகத் தெரியவில்லை. அடியில் மல்லாந்து படுத்து, சேஸின் மறுபக்கத்தில் கையை வைத்தார். இந்தப் பக்கம் மெஷின் உறுமியது. அவ்வளவுதான், கை தானாகப் பின்னால் வந்துவிட்டது. பிட் இரும்பைத் தொடக்கூட இல்லை, அவள் மெஷினை நிறுத்திவிட்டாள்.

"கையை ஏன் எடுத்தீங்க?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. ஓட்டை கையிலயும் விழுந்துபோடுமே."

"அந்த எடத்துல வேற என்ன இருக்குதுன்னு பாருங்க."

அப்போதுதான் பார்த்தார். அவர் கை வைத்திருந்த இடத்தை ஒட்டினாற்போல் பிரேக்குக்குக் காற்றுப் போகிற குழாயும், ஒயர்க் கட்டு ஒன்றும் ஓடின.

"இதுகளுக்குக் கையை எடுத்துக்கத் தெரியாதுங்களேண்ணா" என்றாள் நவமணி. மெஷினைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

தீர்த்தகிரி அப்படியே அடியில் படுத்துக் கிடந்தார். வெளியே வர வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. தான் கேட்டதற்கு இதுதான் பதிலா? அப்படியானால் இது ஆமாவா, இல்லையா? கையை எடுத்தது சரியா, எடுத்திருக்கக் கூடாதா? ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டுக்குப் போய்ச் சம்பூரணத்திடம் சொன்னார். கம்பி பிரஷ் பிடிக்கத்தான் இருபத்தேழு வருசம் பட்டறை வைத்தீர்களா, இப்போது வண்டிக்கு அடியிலும் படுக்க வைத்துவிட்டாளா என்று அவள் கேட்டாள்.

அந்த மாதக் கடைசியில் நவமணி ஒரு டெம்போவில் வந்து இறங்கினாள். பின்னால் ஒரு சேஸ் துண்டு கிடந்தது. பச்சைப் பெயிண்ட், ஓரத்தில் மஞ்சள் கோடு. தீர்த்தகிரி கையில் இருந்த டீ அப்படியே ஆறிப்போனது. அந்தப் பச்சையைக் கலந்து அடித்ததே அவர்தான். ஓனர் குடோனுக்குப் பின்னால் கிடந்ததைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

இரண்டு பேர் அதைத் தூக்கி வந்து வரிசையின் கடைசியில் சாத்தினார்கள். பதினைந்தாவது துண்டு. நவமணி டெம்போவை அனுப்பிவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

அன்றிலிருந்து அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பதினாலு துண்டும் முடிந்தது. முடிந்ததை எடுத்து மறுபடி பார்த்தார். சரியாகத் தெரியவில்லை, இன்னொரு தரம் பார்க்கிறேன் என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் பச்சைத் துண்டுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். உலகத்தில் அவருக்குத் தெரிய வேண்டியது ஒரே ஒரு விசயம். அது பத்தடி தள்ளிச் சுவரில் சாய்ந்து கிடந்தது. அதைப் பார்க்கத்தான் பயம். பயம் என்று அவரே ஒப்புக்கொண்டார், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மாதேசு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஊன்றுகோல். இவரைப் பார்த்ததும் அவனே கூப்பிட்டான். பட்டறையை ஏன் சாத்திப்போட்டீங்க, உங்களாட்டம் கைகாரர் சும்மா இருக்கலாமா, சீக்கிரம் திறங்க என்று அக்கறையாகச் சொன்னான். இவர் போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அவன் திட்டியிருந்தால் கூடத் தேவலை என்று இருந்தது.

போதாததற்கு, பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். ஆவணி ஒண்ணாம் தேதி பட்டறையைத் திறந்தால் மூன்று புது வண்டி அனுப்புகிறேன், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்றார். சம்பூரணம் நல்ல நாள் பார்த்துவிட்டாள். ஆனால் மெஷினைப் பிடிக்க விரல் வர வேண்டுமே. விரல் வர வேண்டும் என்றால் அந்த ஒரு வார்த்தை வேண்டும்.

மறுநாள் நவமணியிடம் மறுபடி கேட்டார்.

"ஆமாவா, இல்லையா அம்முணி?"

"உங்களுக்கு எதுங்கண்ணா வேணும்?"

"எனக்கு வேணுங்கறதா பேச்சு? உள்ளது எதுவோ அது."

"உள்ளது அங்க சாத்தி வச்சிருக்குது."

அவர் அந்தப் பக்கம் பார்க்காமலே பிரஷை எடுத்துக்கொண்டு ஏழாவது துண்டுக்குப் போனார். அது ஏற்கெனவே மூன்று தரம் பார்த்த துண்டு.

ஆடி பிறந்து காற்று ஆரம்பித்துவிட்டது. பட்டறைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. ஆவணிக்கு இன்னும் பத்து நாள் என்கிறபோது தீர்த்தகிரி பொறுமை இழந்துவிட்டார். பிரஷைக் கொண்டுவந்து நவமணியின் மேசை மேல் வைத்தார்.

"மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. நான் கேட்டது ஒரு வார்த்தை. சொன்னா இருக்கறேன், சொல்லாட்டி இப்பவே கெளம்பறேன்."

அவர் குரல் உயர்ந்துவிட்டது. நவமணி பிரஷை எடுத்து அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.

"ஒரு துண்டு மிச்சம் இருக்குதுங்களேண்ணா."

அவர் நின்றார். போய்விடலாம் என்று வாசல்வரைக்கும் வந்தார். ரோட்டைப் பார்த்தார். அப்புறம் திரும்பி நடந்து, பச்சைத் துண்டை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்து, வெளிச்சத்தில் போட்டார்.

பெயிண்டை எடுத்தார். வாயைத் தொடவில்லை. அடைத்த இடத்தை அவர் கட்டை விரல் தடவிய உடனே கண்டுபிடித்துவிட்டது. வேறு யார் தடவினாலும் தெரியாது, அவ்வளவு சுத்தமான வேலை. அதன் மேல் வைத்த பொட்டு எப்போதோ மழையில் போயிருந்தது. அடைத்த இடத்தை விட்டுவிட்டு உடைந்த வாய்க்கு வந்தார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

கறுப்பு கீழ் மடிப்பில் ஆரம்பித்தது. அங்கே ஒரு சின்ன ஓட்டை. டூல்ஸ் பெட்டி தொங்கவிடுவதற்காகப் பிற்பாடு யாரோ போட்டது. அவர் வண்டியைக் கொடுத்தபோது அது இல்லை, அது அவருக்கு நிச்சயம். அந்த ஓட்டையின் ஓரத்திலிருந்துதான் வெடிப்பு பிறந்து, மேலே ஏறி, ஒரு நாள் மொத்தமாக முறிந்திருக்கிறது. அடைத்த இடத்துக்கும் முறிந்த இடத்துக்கும் நடுவில் முழுசாக ஒரு சாண். சாண் போட்டுப் பார்த்தார். நம்ப முடியாமல் இன்னும் இரண்டு தரம் போட்டார்.

"என்னுது இல்லீங்க அம்முணி" என்றார். "என்னுது இல்ல."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. ஐம்பத்துமூன்று வயசு ஆளு, பட்டறையில் நான்கு பேர் பார்க்க, தோள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். மாசக்கணக்கில் தூக்கி வைத்திருந்த பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. சாயங்காலமே போய் மாதேசு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்க வேண்டும் என்று நினைத்தார். ஆவணி ஒண்ணாம் தேதி ஷட்டரைத் தூக்க வேண்டும். விரல் கூட இப்போதே சுவிட்சை அமுக்கத் தயாராக இருப்பது போலிருந்தது.

நவமணி அவர் அழுது முடிக்கட்டும் என்று நின்றாள். பிறகு உள்ளே போய் சீமெண்ணெய்க் கேனும், சாக்பீஸ் டப்பாவும், ஒரு பழைய துணியும் கொண்டுவந்தாள். காற்று வராமல் ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

அவர் அடைத்த இடத்தின் மேல் சீமெண்ணெயை ஊற்றினாள். கொஞ்ச நேரம் ஊற விட்டாள். துணியால் அழுத்தித் துடைத்து, ஈரமே இல்லாமல் காய வைத்தாள். நாலைந்து சாக்பீஸை உள்ளங்கையில் நொறுக்கிப் பொடியாக்கி, அந்த இடத்தில் தூவினாள். இடம் முழுவதும் வெள்ளையாகிவிட்டது.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் வெள்ளைக்கு நடுவில், இரும்புக்குள் ஊறியிருந்த சீமெண்ணெய் ஒரு ஈரக் கோடாக மெதுவாக எழும்பி வந்தது. தலைமுடி கனம். வெல்டிங் முடிகிற ஓரத்தில் தொடங்கி, கீழ் மடிப்பைப் பார்த்து, ஒரு நகக்கண் நீளம் இறங்கி நின்றது.

தீர்த்தகிரி கட்டை விரலால் அதை அழித்தார். நவமணி மறுபடி பொடி தூவினாள். மறுபடி அதே கோடு, அதே இடத்தில்.

"இதென்னுங்க இது?"

"நீங்க அடைச்ச எடங்கண்ணா. வெல்டிங் சூடு பட்ட ஓரம் வெடிக்கத் தொடங்கியிருக்குது."

"ஆனா இதனால ஒடைலீங்களே."

"இதனால ஒடைலீங்க."

"கறுப்பு அங்கதான ஆரம்பிக்குது? நீங்களே பாருங்க."

"பாத்தனுங்கண்ணா. அங்கதான் ஆரம்பிக்குது."

"அப்ப என்ற தப்பு இல்லைதான?"

"இது போய்ச் சேர்றதுக்குள்ள அது முந்திக்கிச்சு" என்றாள் நவமணி.

சற்று முன்னால் கையில் கெட்டியாகக் கிடைத்த 'இல்லை' எங்கே போயிற்று? 'ஆமா' என்றும் அவள் சொல்லவில்லை. ஒரு சாண் தள்ளித்தான் முறிந்திருக்கிறது, அவரே அளந்தார். இங்கே கோடும் இருக்கிறது, அதையும் அவரே பார்க்கிறார். வாயைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், திரும்ப வாயைப் பார்த்தார். எதைப் பிடித்துக்கொள்வது என்றே விளங்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் புரியல அம்முணி. நான் கேட்டது ஒரே ஒரு வார்த்தைதான. இப்ப ஆமான்னு எடுத்துக்கறதா, இல்லைன்னு எடுத்துக்கறதா? நான் பட்டறையைத் தொறக்கறதா வேண்டாமா? நீங்களே சொல்லிப்போடுங்க, சாமி."

நவமணி துணியை மடித்தாள். சாக்பீஸ் டப்பாவை மூடினாள். டப்பாவையும் துணியையும் சீமெண்ணெய்க் கேனையும் ஒவ்வொன்றாக அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"மொத நாளு வந்தப்ப, எப்பவும் போல பொட்டு வச்சேன்னு சொன்னீங்க. இந்த வண்டி நின்னுபோச்சுங்கண்ணா. நீங்க அடைச்சுப் பொட்டு வச்ச மத்த வண்டியெல்லாம் இன்னிக்கு எங்கெங்க ஓடிட்டிருக்குது?"